கோபுரமில்லாத விமான நிலையத்தில் சுற்றில் சேர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத விமான நிலையத்தில் “அந்த செஸ்னாவுக்குப் பின்னால் வா, நீ இரண்டாவது” என்று சொல்ல ஆள் கிடையாது. வரிசையை விமானிகளே தங்களுக்குள் அமைத்துக்கொள்ள வேண்டும். இந்த வழிகாட்டி அமெரிக்க விதிகளை வைத்து எழுதப்பட்டது. கோபுரம் உள்ள நிலையத்திலேயே பயின்று, இப்போதுதான் வெளியே காலெடுத்து வைக்கிற விமானிகளுக்கானது.

பயிற்றுநராக வலது இருக்கையில் உட்கார்ந்து நான் பார்த்தவரை, விமானத்தை இறக்கத் தெரியாமல் தடுமாறுகிறவர்கள் குறைவு. செய்ய வேண்டியதையெல்லாம் கடைசி மூன்று மைலுக்கு ஒத்திப்போட்டுவிட்டுத் திணறுகிறவர்கள்தாம் அதிகம். அடுத்தபடியாக வருவது, ரேடியோவில் சொல்லிவிட்டாலே இடம் நமக்குத்தான் என்ற நினைப்பு. ரேடியோவில் பேசுவது துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலையன்று. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்ற தகவலை மட்டுமே அது தருகிறது. கேட்க ஆள் இருந்தால்தான் அதுவும்.

சொற்களை முதலிலேயே ஒழுங்குபடுத்திக்கொள்வோம். ‘சுற்று’ என்று நான் சொல்வது ஓடுபாதையை ஒரு பக்கமாக வைத்து விமானங்கள் பறக்கும் செவ்வகப் பாதையை. அதில் ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறப்பது டவுன்விண்ட். அதிலிருந்து ஓடுபாதையை நோக்கி 90 பாகை திரும்பினால் பேஸ். மறுபடி திரும்பி ஓடுபாதைக்கு நேராக வந்தால் ஃபைனல். மைல் என்று வரும் இடங்களில் கடல் மைல் என்று கொள்க.

1. தரையிலேயே முடிக்க வேண்டியவை

புறப்படும் முன் தொடைப் பலகையில் ஒரு தாளை வைத்து இவற்றை எழுதுங்கள்: நிலையத்தின் உயரம், சுற்றின் உயரம், ஓடுபாதை எண்களும் நீளமும், ஒவ்வொரு ஓடுபாதைக்கும் சுற்று எந்தப் பக்கம், பொது அலைவரிசை, தானியங்கி வானிலை அறிவிப்பின் அலைவரிசை. எல்லாம் ‘சார்ட் சப்ளிமென்ட்’ கையேட்டில் கிடைக்கும். வானத்தில் போய்த் தேடினால், வெளியே பார்க்க வேண்டிய கண் மடியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வேறு குறிப்பு இல்லையென்றால் திருப்பங்கள் எல்லாம் இடப்புறம். விதி 91.126 அப்படித்தான் சொல்கிறது. வலப்புறச் சுற்று உள்ள ஓடுபாதையை வரைபடத்தில் ‘ஆர்.பி.’ என்ற எழுத்துகளோடு அதன் எண்ணையும் போட்டுக் காட்டியிருப்பார்கள். ஒரே ஓடுபாதையின் ஒரு முனைக்கு இடச்சுற்றும் மறுமுனைக்கு வலச்சுற்றும் இருப்பது சாதாரணம். மலையோ வீடுகளோ ஒரு பக்கம் இருந்தால், எந்தத் திசையில் இறங்கினாலும் விமானங்களை மறுபக்கத்திலேயே வைத்துக்கொள்ள இப்படிச் செய்வார்கள். ஆகவே இரு முனைகளையும் தனித்தனியாகப் பாருங்கள்.

சுற்றின் உயரம் வேறாகக் குறிப்பிடப்படாவிட்டால் தரையிலிருந்து 1,000 அடி. ஜெட் போன்ற டர்பைன் எஞ்சின் விமானங்களுக்கும் பெரிய விமானங்களுக்கும் 1,500 அடி. நிலையம் 620 அடி உயரத்தில் இருந்தால் உங்கள் எண் 1,620.

பிறகு ஓடுபாதையைத் தாளில் ஒரு கோடாக வரைந்து, சுற்றையும் வரைந்து, நீங்கள் எந்தத் திசையிலிருந்து வருகிறீர்கள் என்று ஓர் அம்பு போடுங்கள். சிறுபிள்ளை வேலை என்று சிரிக்கிற மாணவர்கள் உண்டு. அவர்களில் பாதிப் பேர் நிலையத்துக்கு மேலே போனதும் இடம் வலம் புரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

குறிப்புப் பகுதியையும் விடாமல் படியுங்கள். பாராசூட் குதிப்பு, கிளைடர், மருந்து தெளிக்கும் விமானங்கள் என்று எழுதியிருந்தால், வழக்கமான சுற்றுக்குள் அடங்காத ஆட்கள் அங்கே இருக்கிறார்கள் என்று பொருள்.

2. பேசும் முன் கேளுங்கள்

20 மைல் அளவில் வானிலை அறிவிப்பைக் கேட்டு, உயரமானியை அந்த நிலையத்தின் அழுத்தத்துக்குத் திருத்துங்கள். பாதரச அளவில் 0.30 அங்குலப் பிழை ஏறத்தாழ 300 அடி. இரண்டு பேர் ‘1,620 அடி’ என்று சொல்லிக்கொண்டு வெவ்வேறு உயரத்தில் பறந்தால், தேட வேண்டிய இடத்தில் கண் போகாது.

உடனே பொது அலைவரிசைக்கு மாறி, இரண்டு மூன்று நிமிடம் வாயைத் திறக்காமல் கேளுங்கள். யார், எந்த ஓடுபாதை, எந்த இடம் என்று கேட்டதையெல்லாம் தாளில் குறியுங்கள். பேசத் தொடங்கும்போதே மனத்தில் படம் பாதி வரையப்பட்டிருக்க வேண்டும்.

ஒன்றும் கேட்கவில்லை என்றால் நிலையம் காலி என்று முடிவு கட்டாதீர்கள். ஒலியளவு குறைந்திருக்கலாம். புதிய அலைவரிசையைக் காத்திருப்பு இடத்தில் போட்டுவிட்டு மாற்றும் பொத்தானை அழுத்த மறந்திருக்கலாம். இது நான் மிக அதிகமாகக் கண்ட தவறு, நானும் செய்த தவறு. 122.8 போன்ற அலைவரிசையைச் சுற்றுவட்டாரத்தில் பல நிலையங்கள் பகிர்ந்துகொள்கின்றன. வெயிலடிக்கும் சனிக்கிழமை காலையில் அதில் ஈ பறக்கும் சத்தம்கூட இல்லை என்றால், கோளாறு உங்கள் பெட்டியில் என்று சந்தேகப்படுங்கள்.

வேகத்தையும் இங்கேயே குறைக்கத் தொடங்குங்கள். சுற்றுக்குள் நுழைந்த பிறகு குறைக்க முயன்றால் முன்னால் போகிறவரை மோதுகிற அளவுக்கு நெருங்கிவிடுவீர்கள். தலையும் கருவிப் பலகைக்குள் குனிந்திருக்கும்.

3. ஓடுபாதையைத் தேர்ந்தெடுத்தல்

காற்று எதிரே வரும் ஓடுபாதையே முதல் தேர்வு. தானியங்கி அறிவிப்பு ரேடியோவில் சொல்லும் காற்றின் திசை காந்த வடக்கைக் கொண்டது, ஓடுபாதை எண்ணும் அப்படியே. ‘240’ என்று கேட்டால் 24 என்ற ஓடுபாதை நேர் எதிர்க்காற்று. வீட்டில் படித்த எழுத்து வடிவ வானிலை அறிக்கையிலோ திசை உண்மை வடக்கைக் கொண்டது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

காற்று ஏறக்குறைய அசையாமல் இருந்தால், அங்கே பறந்துகொண்டிருப்பவர்கள் பயன்படுத்தும் ஓடுபாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் 24-இல் சுற்றிக்கொண்டிருக்க, 3 நாட் (மணிக்கு 3 கடல் மைல்) காற்று இந்தப் பக்கம் சாதகம் என்று அதன் மறுமுனையான 06-இல் இறங்க வருவது விதிப்படி சரியாகவே இருந்தாலும் நாகரிகமன்று, ஆபத்தும்கூட. காற்று உண்மையிலேயே மாறிவிட்டது என்று தோன்றினால் அதை ரேடியோவில் சொல்லுங்கள். அவர்கள் மாறும்வரை வெளியே நில்லுங்கள்.

மேலிருந்து காற்றுப்பையைப் பார்க்கும்போது நினைவிருக்கட்டும்: அகன்ற வாய்ப் பக்கமிருந்து காற்று வருகிறது, ஒடுங்கிய வால் பக்கம் போகிறது. வால் காட்டும் பக்கமாக இறங்கப் போனால் பின்காற்றில் இறங்குவீர்கள். காற்றுப்பையைச் சுற்றித் தரையில் துண்டு துண்டான வட்டம் ஒன்று இருந்தால், அதில் ‘ட’ போல மடங்கி நிற்கும் அடையாளங்கள் சுற்றின் பக்கத்தைக் காட்டும். தாளில் எழுதியதோடு ஒத்துப்பார்க்க இதுவே இடம்.

4. முதல் அறிவிப்பு

10 மைலில் முதல் அறிவிப்பு. அதன் வரிசை இது: நிலையத்தின் பெயர், நீங்கள் யார், எங்கே, எந்த உயரம், என்ன செய்யப்போகிறீர்கள், மறுபடி நிலையத்தின் பெயர். “இன்ன ஊர் டிராஃபிக், வெள்ளை செஸ்னா, பதிவு எண் இன்னது, தெற்கே 10 மைல், 3,000 அடி, ஓடுபாதை 24-க்கு இடப்புற டவுன்விண்டில் 45 பாகையில் சேர்கிறேன், இன்ன ஊர்.”

பெயரை இரண்டு முறை சொல்வது சம்பிரதாயத்துக்காக அன்று. பேச்சின் முதல் அசை பெரும்பாலும் வெட்டுப்பட்டுத்தான் போய்ச்சேரும். அலைவரிசையைப் பகிரும் அடுத்த ஊரிலும் ஓர் ஓடுபாதை 24 இருக்கும். அங்கே இருப்பவர் உங்களைத் தன் ஃபைனலில் தேடிக்கொண்டிருப்பார்.

விமானத்தின் வகையையும் நிறத்தையும் சொல்வது பதிவு எண்ணைவிடப் பயன்படும். வால் எண்ணை மூன்று மைலிலிருந்து யாராலும் படிக்க முடியாது. கருவிவழி அணுகுமுறை பயில்கிறவர்கள் அந்த அணுகுமுறைப் புள்ளிகளின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். பார்வைவழிப் பறக்கும் மாணவருக்கு அந்த ஐந்தெழுத்துப் பெயர் பொருளற்ற ஒலி. “ஃபைனலில் 5 மைல்” என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கும்.

“அந்தப் பக்கம் இருக்கும் விமானங்கள் எல்லாம் தெரிவிக்கவும்” என்று கேட்கிற பழக்கம் ஒன்று ஊறிப்போயிருக்கிறது. எஃப்.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அந்தச் சொற்றொடரைப் பயன்படுத்த வேண்டாம் என்றே எழுதிவைத்திருக்கிறது. நான்கு பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்ல, காதில் விழுவது கீச்சொலி மட்டும். இரண்டாவது பகுதியில் சொன்னபடி முன்பே கேட்டிருந்தால் இந்தக் கேள்வியே தேவைப்படாது.

காதில் விழுந்த குரலை எந்த அளவு நம்பலாம் என்பதற்குக் குவின்சியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1996 நவம்பர் 19, இலினாய் மாநிலம், கோபுரம் இல்லாத நிலையம். பயணிகளோடு வந்த பீச்கிராஃப்ட் 1900 விமானம் ஓடுபாதை 13-இல் இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் குறுக்கே வெட்டும் ஓடுபாதை 04-இன் முனையில் ஒரு கிங் ஏர் நின்றது, அதற்குப் பின்னால் ஒரு சிறிய செரோக்கி. ‘கிங் ஏர், காத்திருக்கிறீர்களா?’ என்ற பொருளில் இறங்கும் விமானத்திலிருந்து கேட்டார்கள். பதில் சொன்னவர் செரோக்கி விமானி. அவர் பேச்சின் நடுவே, இறங்கும் விமானத்தின் அறைக்குள் ஓர் எச்சரிக்கை ஒலியும் குறுக்கிட்டது. கிங் ஏர்தான் காத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அவர்கள் இறங்கினார்கள். கிங் ஏரோ எழும்பப் புறப்பட்டு ஓடிவந்தது. இரு விமானங்களிலும் இருந்த 14 பேரும் இறந்தார்கள். கிங் ஏர் விமானிகள் பொது அலைவரிசையைச் சரியாகக் கவனிக்கவில்லை, மற்ற விமானங்களைச் சரியாகத் தேடிப் பார்க்கவில்லை என்பதே விசாரணையில் கண்ட முதன்மைக் காரணம்.

இதிலிருந்து என் மாணவர்களுக்கு நான் வைத்திருக்கும் விதி: பதில் சொன்னவர் தன் அடையாளத்தைச் சொல்லாவிட்டால் அது பதிலே அன்று. மறுபடி கேள், இல்லையேல் மறுபடி மேலே ஏறு.

5. சுற்றில் சேர்வது

அதிகத் தவறுகள் நடக்கும் இடம் இது. எண்களோடு பார்ப்போம். ஓடுபாதை 24, இடப்புறச் சுற்று. இறங்கும் திசை 240, டவுன்விண்ட் திசை 060, சுற்று இருப்பது ஓடுபாதையின் தென்கிழக்கில்.

சுற்று இருக்கும் பக்கத்திலிருந்தே வந்தால் வேலை எளிது. டவுன்விண்ட் பாதையின் நடுப்பகுதியைக் குறிவைத்து 45 பாகைக் கோணத்தில் வந்து சேர வேண்டும். இடச்சுற்றுக்கு டவுன்விண்ட் திசையிலிருந்து 45-ஐக் கழியுங்கள்: 015. வலச்சுற்றுக்குக் கூட்டுங்கள். இந்தக் கணக்கையும் தரையிலேயே முடித்துத் தாளில் எழுதிவிடலாம்.

ஏன் 45? சேர வருகிறவருக்கு டவுன்விண்ட் முழுவதும் கண்ணாடி வழியே விரிந்து கிடக்கும். டவுன்விண்டில் இருப்பவருக்கும் வருகிறவர் வலப்பக்கக் கண்ணாடியில் தெரிவார். இடைவெளி போதாது என்று தோன்றினால் வெளிப்பக்கம் திரும்பிப் போய்விட வழியும் இருக்கிறது. 1,620 அடிக்கு வந்து நிலைத்த பிறகே இந்தப் பாதையில் நுழைய வேண்டும். இறங்கிக்கொண்டே சேர்ந்தால் உங்கள் மூக்குக்குக் கீழே இருப்பவரை நீங்கள் பார்க்க மாட்டீர்கள், தன் கூரைக்கு மேலே வருகிற உங்களை அவரும் பார்க்க மாட்டார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது வடமேற்கிலிருந்து வந்தால் எஃப்.ஏ.ஏ. முதன்மையாகப் பரிந்துரைக்கும் முறை மேலே கடந்து போவது. ஓடுபாதையின் நடுவை, சுற்று உயரத்துக்கு 500 அடி மேலே, 150 திசையில் குறுக்கே கடக்க வேண்டும். டர்பைன் விமானங்கள் புழங்கும் நிலையமானால் அந்த 500 அடி உங்களை நேரே அவர்களுடைய சுற்று உயரத்தில் கொண்டுபோய் வைக்கும். அப்படிப்பட்ட இடத்தில் தரையிலிருந்து 2,000 அடியில் கடப்பதே நல்லது.

கடந்ததும் திரும்பிவிடக் கூடாது. சுற்றைத் தாண்டி ஏறத்தாழ 2 மைல் நேரே போங்கள். அங்கே சுற்று உயரத்துக்கு இறங்குங்கள். அதன் பிறகே வலப்புறமாக நீண்ட திருப்பம்: 150-இலிருந்து 240, 330 என்று சுழன்று 015-க்கு வந்தால் 45 பாகைப் பாதையில் இருப்பீர்கள். மொத்தம் 225 பாகைத் திருப்பம். இடப்புறச் சுற்றாயிற்றே என்று பழக்க தோஷத்தில் இடப்புறம் திரும்புகிறவர்கள் டவுன்விண்டுக்குள்ளேயே விழுகிறார்கள்.

ஒரு காலை நேரம். நானும் ஒரு மாணவரும் இப்படித்தான் கடந்து போனோம். ரேடியோவில் யாருமில்லை, மற்ற விமானங்களைக் காட்டும் திரையிலும் எந்தப் புள்ளியும் இல்லை. அவர் ஒரு மைல்கூடப் போகவில்லை. கைப்பிடியை வலப்புறம் சாய்த்துக்கொண்டே எஞ்சினைக் குறைத்தார். நான் கைப்பிடியைப் பிடித்து நிமிர்த்தினேன். கீழே இறங்கிய இறக்கையின் விளிம்புக்கு அப்பால் மஞ்சள் நிறத்தில் ஒரு பழைய பைப்பர் கப், டவுன்விண்டில் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. விமானியின் முழங்கை வெளியே தெரியும் அளவுக்கு நெருக்கம். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. அந்த விமானத்தில் மின்னமைப்பே கிடையாது. ஆகவே ரேடியோவும் இல்லை, தன் இருப்பிடத்தை மற்றவர்களுக்கு அறிவிக்கும் ஏ.டி.எஸ்.-பி. கருவியும் இல்லை. சட்டப்படி இரண்டும் அவருக்குத் தேவையும் இல்லை. அந்த 2 மைலை நான் இன்றுவரை குறைத்ததில்லை.

மாற்று முறை ஒன்றும் உண்டு. சுற்று உயரத்திலேயே ஓடுபாதையின் நடுவைக் கடந்து, நேரே டவுன்விண்டுக்குள் இடப்புறம் திரும்புவது. சுற்று காலியாக இருந்தால் இது வசதிதான். டவுன்விண்டில் இருப்பவருக்கும் 45-இல் வருகிறவருக்கும் நீங்கள்தான் வழிவிட வேண்டும். இரண்டு பேருக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தால் எனக்கு இது பிடிக்காது. மாணவர்களையும் செய்ய விடுவதில்லை.

எந்த முறையானாலும், சுற்றில் இருப்பவர்கள் எல்லாரையும் கண்ணால் பார்க்கும்வரை சேராதீர்கள். மூன்று குரல் கேட்டு இரண்டு விமானம்தான் தெரிகிறதென்றால் வெளியே ஒரு வட்டம் போடுங்கள். இருவரும் 90 நாட்டில் எதிரெதிரே வந்தால் நிமிடத்துக்கு 3 மைல் நெருங்குகிறீர்கள். ஒரு மைல் இடைவெளி 20 விநாடியில் தீர்ந்துவிடும். பார்த்து, புரிந்து, கை அசைத்து, விமானம் திரும்பத் தொடங்க 12.5 விநாடி ஆகும் என்பது எஃப்.ஏ.ஏ. தரும் கணக்கு.

6. டவுன்விண்டில் வரிசை

ஓடுபாதையிலிருந்து அரை மைல் முதல் ஒரு மைல் தொலைவில் இருங்கள். எஞ்சின் நின்றால் ஓடுபாதையை எட்டும் தூரம் அது. தேடுகிறவர்கள் கண் வைக்கும் இடமும் அதுவே. இரண்டு மைல் தள்ளிப் பறந்துகொண்டு “டவுன்விண்ட்” என்று சொல்கிறவரை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

முன்னால் இருப்பவர் மெதுவாகப் போனால் டவுன்விண்டை நீட்டுங்கள், நீட்டுவதாகச் சொல்லுங்கள். பின்னால் வருகிறவர் நீங்கள் வழக்கமான இடத்தில் திரும்பிவிட்டதாக நினைத்து உங்களுக்கு உள்பக்கமாகத் திரும்பிவிடக்கூடும். சுற்றுக்குள் 360 பாகை வட்டம் போடவே கூடாது. பின்னால் வருகிறவரின் முகத்துக்கு நேரே போய் நிற்பீர்கள். முந்திப் போக நேர்ந்தால் சுற்றிலிருந்து விலகி வெளியே போய் மறுபடி 45-இல் வாருங்கள். ஐந்து நிமிடம்தான் செலவு.

7. பேஸும் ஃபைனலும்

முன்னால் போகிறவர் ஃபைனலில் உங்களைக் கடந்து எதிர்த்திசையில் போவதைப் பார்த்த பிறகு பேஸுக்குத் திரும்புங்கள். திரும்பும் முன் ஃபைனலின் நீளம் முழுவதையும், அதன் மறுமுனையையும் பாருங்கள். யாராவது நேராக வந்துகொண்டிருக்கலாம், எதிர் ஓடுபாதையில் இறங்கவும் வரலாம்.

இறக்கை கூரைக்கு மேலே உள்ள விமானத்தில் திருப்பத்தின்போது உள்பக்கம் முழுக்க இறக்கை மறைக்கும். அதனால் திரும்பும் முன் அந்த இறக்கையை ஒரு கணம் தூக்கிப் பாருங்கள். தாழ் இறக்கை விமானத்தில் கீழே இருப்பது மறையும். ஃபைனலில் மேலே ஒரு தாழ் இறக்கை பைப்பரும் கீழே ஒரு மேல் இறக்கை செஸ்னாவும் ஒன்றன் மேல் ஒன்றாக இறங்கினால், இருவருமே அடுத்தவரைக் காண முடியாத இடத்தில் இருக்கிறார்கள். ஃபைனலில் அறிவிப்பு செய்வதன் பெரிய பயன் இந்த ஒரு சூழ்நிலைக்குத்தான்.

காற்றுத் தள்ளி ஃபைனல் கோட்டைத் தாண்டிப் போய்விட்டால் செங்குத்தாகச் சாய்த்துத் திரும்பி மீட்க முயலாதீர்கள். உயரத்தைக் குறைக்காமல் திரும்பும்போது 30 பாகைச் சாய்வில் ஸ்டால் வேகம், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போகும் வேகம், ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. 45-இல் 19, 60-இல் 41. இந்த உயரத்தில் ஸ்டால் ஆனால் மீள இடமில்லை. 30 பாகைக்குள் முடியாத திருப்பம் மறுபடி சுற்றிவர வேண்டிய திருப்பம். ஓடுபாதை முனைக்குக் கால் மைலுக்கு முன்பாவது ஃபைனல் திருப்பம் முடிந்திருக்க வேண்டும்.

8. சுற்றாமல் நேராக வருகிறவர்கள்

நேராக ஃபைனலுக்கு வருவதை விதி தடுக்கவில்லை. அதற்காக அவருக்கு முன்னுரிமையும் இல்லை. சுற்றில் இருப்பவர்களின் ஓட்டத்தைக் கெடுக்காமல் வர வேண்டிய பொறுப்பு அவருடையது. 91.113 விதிப்படி, இறங்க வருகிறவர்களில் தாழ்ந்து இருப்பவருக்கு வழி உரிமை. ஆனால் அதைச் சாக்காக வைத்து ஃபைனலில் இருப்பவருக்கு முன்னால் புகுந்துவிடக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது.

120 நாட்டில் வருகிறவருக்கு 5 மைல் ஃபைனல் என்பது இரண்டரை நிமிடம். டவுன்விண்டில் ஓடுபாதை முனைக்கு நேரே இருக்கும் பயிற்சி விமானம் தரை தொடவும் ஏறத்தாழ அவ்வளவு ஆகும். “5 மைல்” என்று கேட்டு நிறைய நேரம் இருக்கிறது என்று எண்ணி பேஸுக்குத் திரும்புவது இப்படித்தான் சிக்கலில் முடிகிறது. மைலோடு வேகத்தையும் கேளுங்கள்.

2022 ஆகஸ்ட் 18 அன்று கலிஃபோர்னியாவின் வாட்சன்வில் நிலையத்தில், சுற்றில் பயின்றுகொண்டிருந்த செஸ்னா 152-உம் நேராக வந்த இரட்டை எஞ்சின் செஸ்னா 340-உம் ஃபைனலில் மோதின. இருவரும் ரேடியோவில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். பெரிய விமானம் 180 நாட் அளவில், இறங்க வரும் விமானத்துக்குரிய வேகத்தைவிட மிக அதிகமாக வந்தது. பின்னாலிருந்து வேகமாக நெருங்குவதைப் பார்த்துச் சிறிய விமானத்தின் விமானி மறுபடி ஏறுவதாக அறிவித்தார். நேரம் போதவில்லை. மூவர் இறந்தனர்.

நீங்கள் சுற்றில் இருக்க ஒருவர் நேராக வருகிறார், அவரைக் கண்ணால் காணவில்லை என்றால், டவுன்விண்டிலேயே நீட்டிப் போங்கள். உரிமை உங்களுடையதாகவே இருக்கட்டும், அவரை முன்னால் போகவிடுங்கள். நேராக வருகிறவர் நீங்களானால் 10, 5, 3 மைல்களில் சொல்லுங்கள், இறங்கும் வேகத்துக்கு முன்பே வந்துவிடுங்கள். சுற்றில் இரண்டு பேர் இருந்தால் பேசாமல் நீங்களும் சுற்றுக்கு வாருங்கள்.

9. மறுபடி ஏறுவது

ஓடுபாதையில் ஆள் இருந்தாலோ வேகம் பிடிபடாவிட்டாலோ தயங்காமல் எஞ்சினை முழுதாகத் திறந்து ஏறுங்கள். முதலில் விமானம், அப்புறம் பேச்சு. கீழே யாராவது எழும்பிக்கொண்டிருந்தால், அவர் உங்கள் வயிற்றுக்கு அடியில் மறையாதபடி சற்று ஒதுங்கி, அவரைக் கண்ணில் வைத்துக்கொண்டே ஏறுங்கள். இடச்சுற்றில் வலப்புறம் ஒதுங்கினால், இடது இருக்கையிலிருந்து இடப்பக்கக் கண்ணாடி வழியே அவர் தெரிவார், சுற்றிலிருந்தும் விலகியிருப்பீர்கள். ஓடுபாதை முனையைத் தாண்டி, சுற்று உயரத்துக்கு 300 அடி குறைவு என்ற நிலைக்கு வந்த பிறகே குறுக்கே திரும்ப வேண்டும்.

10. தரையில்

இறங்கியதும் முதல் வெளிவழியில் விலகுங்கள். நிறுத்தக் கோட்டை விமானம் முழுவதும் தாண்டிய பிறகே “ஓடுபாதையை விட்டு விலகினேன்” என்று சொல்லுங்கள். கோட்டின் மேல் வாலை வைத்துக்கொண்டு, இறங்குவதற்காக இறக்கையில் நீட்டிய ஃபிளாப்பை மடக்கும் வேலையில் இறங்குகிறவர்களால் பின்னால் வருகிறவர் மறுபடி ஏற நேர்கிறது.

திரும்பப் புறப்படும்போது, ஓடுபாதைக்குள் நுழையும் முன் விமானத்தை ஃபைனல் பக்கம் சற்றுத் திருப்பி நிறுத்தி, ஃபைனலையும் பேஸையும், மறுமுனையையும் பாருங்கள். உள்ளே போய் நின்றுகொண்டு சரிபார்ப்புப் பட்டியல் படிக்காதீர்கள். அங்கே நிற்கும்போது இறங்க வருகிறவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார், அவருக்கோ நீங்கள் கருந்தாரில் ஒரு வெள்ளைப் பொட்டு. பட்டியலை வெளியே முடித்து, அறிவித்து, நுழைந்ததும் புறப்பட்டுவிடுங்கள்.